மின்சாரத்துக்கு ஒரு கலிங்கு

இரவு பத்து மணிக்குக் கடைசி விளக்கையும் அணைத்துவிட்டுப் படுக்கிறவருக்கு எப்போதாவது ஒரு கேள்வி எழுந்திருக்கும். இத்தனை நேரம் விளக்குக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் இப்போது எங்கே போகிறது? குழாயைத் திருகி மூடினால் தண்ணீர் குழாய்க்குள்ளேயே நிற்கிறது. அதுபோல மின்சாரமும் கம்பிக்குள் காத்து நிற்கும் என்றுதான் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள்.

மின்சாரம் காத்து நிற்பதில்லை. உண்டாகும் அதே கணத்தில் ஏதோ ஒரு விளக்கிலோ மோட்டாரிலோ அடுப்பிலோ அது செலவாகிக்கொண்டும் இருக்கிறது. மின் நிலையங்களையும் லட்சக்கணக்கான வீடுகளையும் கம்பிகளால் பிணைத்த பெரிய வலைக்கு மின்தொகுப்பு என்று பெயர். அந்த வலையில் ஒரு வீட்டு விளக்கு அணைவது ஏரியில் ஒரு செம்பு நீர் மொண்டதுபோல, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வெளியிலிருந்து கம்பியே வராத ஒரு மலையூர், தன் ஓடையிலிருந்து தனக்கு மட்டும் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது என்றால்? அங்கே நாற்பது வீடுகள். பத்து மணிக்கு நாற்பதும் உறங்கிவிடும். ஓடை உறங்காது.

இந்தப் புதிரை நேருக்கு நேர் சந்தித்த ஊர்கள் இலங்கையில் உண்டு. இரத்தினபுரி, கேகாலை, மாத்தறை மாவட்டங்களின் மலைக் கிராமங்களில் 1990-களில் தொடங்கி நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு நீர்மின் நிலையங்கள் எழுந்தன. ஊராரே மண் வெட்டி, குழாய் சுமந்து, சங்கம் வைத்து நடத்திய நிலையங்கள் அவை.

துரை பங்களாவின் வெளிச்சம்

கதை தேயிலையில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலைநோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தபோது, கொழுந்தை உருட்டும் இயந்திரங்களைச் சுற்ற விசை தேவைப்பட்டது. சரிவெங்கும் ஓடைகள் இருந்தன. முதலில் நீர்ச்சக்கரங்கள் வந்தன. பிறகு இங்கிலாந்தின் கெண்டல் நகரத்துக் கில்க்ஸ் போன்ற நிறுவனங்களின் டர்பைன்கள் கப்பலேறி வந்தன. நீரின் வேகத்தைச் சுழற்சியாக மாற்றும் இந்த இயந்திரத்தைச் சுழலி என்றே இனிச் சொல்லலாம்.

தொழிற்சாலைக்கு விசையும் துரை பங்களாவுக்கு வெளிச்சமும் கிடைத்தன. கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பங்களின் லயன் எனப்பட்ட வரிசை அறைகளில் பெரும்பாலும் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், தங்கள் வாசலைக் கடந்து ஓடிய நீர் உண்டாக்கிய வெளிச்சத்தைத் தூரத்திலிருந்தே பார்த்தார்கள். இதைச் சொல்லாமல் அந்த மலைகளின் மின்சார வரலாற்றை எழுதுவது நியாயமாகாது.

லக்சபான பகுதியின் நீரைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியாளர் 1918-ல் சக பொறியாளர்கள் முன் கட்டுரை வாசித்தார். லக்சபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950-ல். பெரிய கம்பிகள் மலையேறியதும் தோட்டங்களின் சிறு சுழலிகள் ஒவ்வொன்றாக நின்று துருப்பிடித்தன. 1970-களில் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறிய பிறகுதான் அவற்றின் நினைவு மீண்டும் வந்தது. பொருளியலாளர் ஈ. எஃப். ஷூமாக்கர் 1966-ல் பிரிட்டனில் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பு, பழைய தோட்டச் சுழலிகளை மீண்டும் ஓடவைக்கும் வேலையில் இறங்கியது. அந்த அனுபவம் பிறகு கிராமங்களின் பக்கம் திரும்பியது. 1997 முதல் உலக வங்கியின் கடன் திட்டம் ஒன்றும் துணைக்கு வந்தது.

அந்தக் கிராமங்கள் அதுவரை எப்படி இரவைக் கழித்தன? பழைய புட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட குப்பி விளக்கு. தட்டிவிட்டால் உருண்டு தீப்பிடிக்கும். அப்படித் தீக்காயம்பட்டு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்து மனம் நொந்த விஜய கொடகும்புர என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், உருளாத குட்டை விளக்கு ஒன்றை வடிவமைத்துப் பரப்பினார். அதற்காக அவருக்கு 1998-ல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. தொலைக்காட்சி பார்க்க விரும்பிய குடும்பங்களோ கார் பேட்டரியைக் கடைத்தெருவுக்குச் சுமந்துபோய்ச் சார்ஜ் செய்து மீண்டும் சுமந்துவந்தன. வெளிச்சத்துக்கு அந்த மக்கள் ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கிராம மின்சாரம் இலவசத் தானமாக இல்லாமல் கட்டணம் வாங்கும் சங்கமாக நடக்க முடிந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஒரு லிட்டர், ஒரு மீட்டர், பத்து வாட்

ஓடையைப் பார்த்தவுடன் அதில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று கணிக்க ஒரு மனக்கணக்கு போதும். வினாடிக்கு ஒரு லிட்டர் நீர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறத்தாழ 10 வாட் ஆற்றல். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு எரியும் அளவு. நீர் இரண்டு மடங்கானால் ஆற்றலும் இரண்டு மடங்கு. உயரம் இரண்டு மடங்கானாலும் அப்படியே. சமவெளியில் அகன்று ஓடும் ஆற்றைவிட மலையில் ஒரு முழ அகலத்தில் குதிக்கும் ஓடை மின்சாரத்துக்கு வசதியானது என்பதற்குக் காரணம் இந்த உயரம்தான்.

கணக்குக்காக நாற்பது வீட்டு ஊர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஊருக்கு மேலே ஓடையில் இடுப்புயரத் தடுப்பணை. அங்கிருந்து வினாடிக்கு 20 லிட்டர், அதாவது இரண்டு வாளி நீர், வாய்க்கால் வழியே ஒரு தொட்டிக்கு வருகிறது. தொட்டியில் மணலும் சருகும் தங்கிவிடும். தொட்டியிலிருந்து 120 மீட்டர் நீளக் குழாய் சரிவில் இறங்கி, 40 மீட்டர் கீழே தகரக் கூரையிட்ட ஒரு சிறு கட்டடத்துக்குள் நுழைகிறது.

இருபதை நாற்பதால் பெருக்கினால் 800. அதற்குப் பத்து வாட் வீதம் 8,000 வாட். ஆனால் குழாயின் உராய்வில் கொஞ்சம் போகும், சுழலியில் கொஞ்சம், மின்னாக்கியில் கொஞ்சம், ஊருக்குப் போகும் கம்பியில் கொஞ்சம். சிறிய நிலையங்களில் பாதி கையில் நின்றால் நல்லது. ஆக, 4,000 வாட். வீட்டுக்கு 100 வாட்.

நூறு வாட் என்றால் நகரவாசிக்குச் சிரிப்பு வரலாம். ஒரு மின்கெட்டில் மட்டுமே 1,500 வாட் இழுக்கிறது. ஆனால் நான்கு எல்.இ.டி. விளக்குகள், ஒரு சிறிய தொலைக்காட்சி, ஒரு செல்பேசி சார்ஜர் எல்லாம் நூறு வாட்டுக்குள் அடங்கிவிடும். குப்பி விளக்கின் புகையில் படித்த பிள்ளைக்கு இது எவ்வளவு என்பதை வாட் கணக்கில் அளக்க முடியாது.

அந்த ஊர்களில் சூரியத் தகடுகளும் இருந்தன. இலங்கையில் பல்லாயிரம் வீடுகள் அவற்றைக் கடனில் வாங்கின. ஆனால் விளக்கு தேவைப்படும் நேரத்தில் சூரியன் இருப்பதில்லை. பேட்டரி வேண்டும்; சில ஆண்டுகளில் பேட்டரியை மாற்ற வேண்டும். ஓடையோ இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது. அதன் வரமும் தொல்லையும் அதுதான்.

ஒரு சாண் சக்கரம்

குழாயின் அடியில் நீரின் அழுத்தம் நாற்பது மீட்டர் உயரத்துக்கு உரியது. ஒடுங்கிய முனை வழியாக வெளியே பீறிடும்போது நீரின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். அந்த வேகத்தைப் பிடிக்கும் சக்கரத்தை வடிவமைத்தவர் லெஸ்டர் பெல்டன். கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கப் பகுதியில் தச்சு வேலையும் இயந்திர வேலையும் பார்த்தவர். 1880-ல் காப்புரிமை பெற்றார். இரண்டு கரண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்ததுபோன்ற கிண்ணங்கள் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி நிற்கும். நடுவில் உள்ள முகட்டில் மோதும் நீர் இரண்டாகப் பிரிந்து, கிண்ணத்தின் வளைவில் ஓடி, வந்த திசைக்கே திரும்பிவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கிண்ணம் நீரின் வேகத்தில் பாதி வேகத்தில் நகர்ந்தால், திரும்பி வெளியேறும் நீரிடம் கிட்டத்தட்ட எந்த வேகமும் மிஞ்சாது. தன்னிடம் இருந்த அத்தனையையும் கொடுத்துவிட்டுத் தொய்ந்து கீழே விழும். நன்றாக ஓடும் பெல்டன் சக்கரத்தின் அடியில் நீர் சோர்ந்து சொட்டுவதைப் பார்த்தே அதன் நலத்தைச் சொல்லிவிடலாம்.

நம் கற்பனை ஊரின் சக்கரம் ஏறக்குறைய ஒரு சாண் விட்டம்தான். நாற்பது வீட்டின் இரவு ஒரு சாணுக்குள் சுழல்கிறது.

மின்னாக்கியும் கடையில் கிடைப்பதே. மாவு மில்லிலும் கிணற்று பம்பிலும் ஓடும் சாதாரண மோட்டாரை, அது வழக்கமாகச் சுற்றும் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வெளியிலிருந்து சுற்றிவிட்டு, மின்தேக்கிகளை இணைத்தால் அது மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். மோட்டாரின் இரும்புக்குள் பழைய காந்தத்தன்மை துளி மிச்சமிருக்க வேண்டும். அந்தத் துளியே வளர்ந்து முழு மின்னழுத்தமாகிறது. எப்போதாவது அது மறைந்துபோனால் ஒரு பேட்டரியைக் கணநேரம் தொட்டுக் காட்டினால் போதும், மீண்டும் உயிர் வரும். விலை மலிவு, கெட்டால் பக்கத்து ஊர்ப் பட்டறையிலேயே சுருள் கட்டிக்கொள்ளலாம். மலைக்குள் இருக்கும் ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பத்து மணிக்கு நடப்பது

இப்போது அந்த முதல் கேள்விக்குத் திரும்பலாம். பத்து மணிக்கு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. மின்சாரத்தை இழுக்க ஆளில்லை.

விளக்கு எரியும்போது அது சுழலியைப் பின்னுக்கு இழுக்கிறது. ஏற்றத்தில் பாரவண்டி மாட்டைப் பின்னுக்கு இழுப்பதுபோல. பாரத்தைச் சட்டென அவிழ்த்துவிட்டால் மாடு பாய்கிறது. சுமை போனதும் சுழலியும் அப்படியே பாயும். வழக்கமான வேகத்தைவிட ஏறத்தாழ இரு மடங்குவரை போகக்கூடும். வேகத்தோடு மின்னழுத்தமும் எகிறும். கடைசியாக விழித்திருக்கும் வீட்டின் பல்பும் தொலைக்காட்சியும் கருகும்.

நீரைக் குறைத்துவிட்டால் என்ன? இது எல்லோருக்கும் தோன்றும் வழி. தோட்டங்களின் பழைய சுழலிகளில் வேகத்தை உணர்ந்து நீரை ஒடுக்கும் கவர்னர் என்ற கனத்த கருவி இருந்தது. அதன் விலை ஒரு கிராமத்துக்குக் கட்டாது. வேறொரு ஆபத்தும் இருக்கிறது. அந்த 120 மீட்டர்க் குழாய் ஒரு சாண்கூட இல்லாத அகலம்தான் என்றாலும் அதற்குள் இரண்டு டன் நீர் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு காரைவிடக் கனமான நீர்த்தூண். வால்வைப் படாரென்று மூடினால் அத்தனை எடையும் வால்வில் முட்டும். அந்த அதிர்ச்சிக்கு நீர்ச் சம்மட்டி என்று பெயர் வைக்கலாம், பி.வி.சி. குழாயை அது பிளந்துவிடும். நீரை மெல்லத்தான் ஒடுக்க முடியும். விளக்கோ ஒரு கணத்தில் அணைகிறது.

கலிங்கு

ஏரி கட்டிய நம் முன்னோருக்கு இதே சிக்கல் வேறொரு வடிவில் இருந்தது. மழை எவ்வளவு பெய்யும் என்று கரை கட்டும்போது தெரியாது. வரும் வெள்ளத்தை நிறுத்தவும் முடியாது. எனவே கரையில் ஓரிடத்தைத் தாழ்த்திக் கல் பாவி, மிகுதி நீர் தானாக வழிந்தோட விட்டார்கள். அதுவே கலிங்கு. ஏரியின் மட்டத்தைக் காப்பது மதகு அல்ல, கலிங்கு.

கிராம மின் நிலையத்தில் இருப்பதும் அதுதான். மின்கலிங்கு என்று சொன்னால் தவறில்லை. சுவரில் ஒரு சிறு மின்னணுப் பெட்டி. அதிலிருந்து புறப்படும் கம்பிகள் தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கிய சூடேற்றும் சுருள்களுக்குப் போகின்றன. ஊர் 4,000 வாட்டையும் இழுத்தால் சுருள்களுக்கு எதுவும் போகாது. ஊர் 3,000 இழுத்தால் 1,000 சுருளுக்கு. ஊரே உறங்கினால் அத்தனையும் சுருளுக்கு. பெட்டி மின்னழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருந்து, கண்ணிமைப்பதற்குள் பங்கை மாற்றுகிறது. சுழலிக்கு எந்த மாற்றமும் தெரிவதில்லை. ஊர் விழித்திருந்தாலும் உறங்கினாலும் அதற்கு ஒரே சுமை, ஒரே வேகம்.

ஆக, அணைத்த விளக்கின் மின்சாரம் எங்கே போகிறது? இந்த ஊரில் கை நீட்டிக் காட்டலாம்: அந்தத் தொட்டிக்குள். இரவு பத்திலிருந்து காலை ஐந்துவரை ஏழு மணி நேரம் 4,000 வாட் என்றால் 28 யூனிட். குளிர்ந்த நீர் ஏறத்தாழ 300 லிட்டர் கொதிநிலைக்கு வந்துவிடும் அளவு வெப்பம்.

வீணல்லவா என்று கேட்கத் தோன்றும். நீருக்கு விலை இல்லை, எரிபொருள் எரியவில்லை, புகை இல்லை. இருந்தாலும் மனம் கேட்காது என்பது உண்மை. அதனால்தான் பகலிலாவது மிஞ்சும் மின்சாரத்துக்கு வேலை தேடும் முயற்சிகள் எங்கும் நடந்தன. நேபாளத்து மலைகளில் பல நிலையங்கள் பகலில் நெல் குத்தின, மாவரைத்தன, இரவில் விளக்கேற்றின.

ஏழு மணி இஸ்திரிப் பெட்டி

கலிங்கு மிகுதியைப் பார்த்துக்கொள்ளும். பற்றாக்குறையை என்ன செய்வது? மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு, எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி. அந்த நேரம் ஒரு வீட்டில் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் 1,000 வாட், பத்து வீட்டின் பங்கு, ஒரே வீட்டுக்குப் போய்விடும். மற்ற வீடுகளில் விளக்கு மங்கும். சுமை இன்னும் கூடினால் அந்த மோட்டார்-மின்னாக்கி தன் காந்தத்தைக் கைவிட்டு மின்சாரமே கொடுக்காமல் நின்றுவிடும். கருவிக்கு அது பாதுகாப்பு. ஊருக்கு இருட்டு.

இதற்குக் கருவியால் கிடைக்கும் தீர்வு பாதிதான். வீட்டுக்கு வீடு அளவுக்கு மேல் இழுத்தால் விழுந்துவிடும் ட்ரிப் சுவிட்ச் வைக்கலாம். மீதிப் பாதி மின்நுகர்வோர் சங்கத்தின் கூட்டத்தில்தான் கிடைத்தது. இஸ்திரி பகலில் மட்டும் போடுவது, மாதக் கட்டணம் எவ்வளவு என்று முடிவுசெய்வது, மழைக்குப் பின் வாய்க்காலில் சருகு அள்ள ஊரார் கூடி உழைக்கும் சிரமதான முறை வைப்பது, நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞருக்குச் சிறு சம்பளம் கொடுப்பது எல்லாம் அங்கே பேசித் தீர்க்கப்பட்டன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஓடை மெலியும்போது பேச்சு கொஞ்சம் சூடாகும். நூறு வாட் எழுபதாகும், எல்லோருக்கும் எழுபது.

நகரத்தில் மின்சாரம் என்பது சுவரில் இருக்கும் ஒரு துளை. அதற்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. இந்த ஊர்களில் விளக்கு மங்கினால் யார் வீட்டில் என்ன செருகியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.

பெரிய கம்பி வந்தபோது

இலங்கை அரசு மின்தொகுப்பை வேகமாக விரித்தது. 2010-களின் நடுப்பகுதிக்குள் நாட்டின் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் கம்பி போய்ச் சேர்ந்தது. தெற்காசியாவில் இது பெரிய சாதனை. மலைக் கிராமங்களும் அதை மகிழ்ச்சியோடு வரவேற்றன. குளிர்சாதனப் பெட்டி வாங்கலாம். எந்த நேரமும் இஸ்திரி போடலாம். ஆனால் பெரிய கம்பிக்கு மாறி ஒருவர் விலகினால் சங்கத்தின் வருமானம் குறையும், மற்றவர் சுமை கூடும், அடுத்தவரும் விலகுவார். பல நிலையங்கள் இப்படியே நின்றுபோயின. தோட்டங்களின் சுழலிகளுக்கு ஒரு தலைமுறைக்கு முன் நேர்ந்தது இப்போது கிராமங்களுக்கு நேர்ந்தது.

நிலையத்தை மூடாமல் மின்தொகுப்போடு இணைத்து மின்சாரத்தை விற்கலாம் என்ற யோசனையை ஒருசில ஊர்கள் செயலாக்கின. அந்தச் சாதாரண மோட்டார் இதற்கு மிகவும் தோதானது. மின்தொகுப்பின் தாளத்துக்கு அது தானாகவே இசைந்து சுழலும். இரவு பத்து மணிக்கு மிஞ்சும் மின்சாரம் இனிமேல் தண்ணீரைச் சூடாக்க வேண்டியதில்லை. கம்பி வழியே கொழும்புக்கோ காலிக்கோ போகலாம். நம் நாற்பது வீட்டு ஊரின் நிலையம் இடைவிடாமல் ஓடினால் நாளொன்றுக்கு 96 யூனிட். அதுவரை அதில் பெரும்பகுதி சுருளில்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது சங்கத்துக்கு வருமானம். நாடே அந்த ஊருக்குக் கலிங்காகிவிட்டது.

நாட்டுக்குக் கலிங்கு எங்கே?

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டது. இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. மீண்டுவரப் பல மணி நேரமாயிற்று.

குரங்கு தொடங்கிவைத்ததுதான்; நாடு முழுவதும் படுத்ததற்குக் காரணம் சமநிலை. ஞாயிறு என்பதால் தேவை குறைவு. வெயில் நன்றாக இருந்ததால் கூரைகளின் மேலிருந்து சூரிய மின்சாரம் வெள்ளமாக வந்துகொண்டிருந்தது. பெரிய நிலையங்களில் சுழலும் பல டன் எடையுள்ள சக்கரங்கள் தம் கனத்தாலேயே திடீர் அதிர்ச்சிகளைத் தாங்கிக்கொள்பவை. அன்று அவற்றில் குறைவானவையே ஓடிக்கொண்டிருந்தன. சூரியத் தகட்டில் சுழலும் கனம் எதுவும் இல்லை. அதிர்ச்சியைத் தாங்க ஆளில்லாமல் மின்தொகுப்பு சரிந்தது.

அதன்பின் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறை வந்தது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும். வெயில் உச்சத்தில் இருக்கும். கூரையில் சூரியத் தகடு வைத்தவர்கள் அந்த நாட்களில் பகலில் அவற்றை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. மலையூரில் இரவு பத்து மணிக்கு நடந்தது இப்போது ஒரு நாட்டுக்கே நண்பகலில் நடக்கிறது: மின்சாரம் வந்துகொண்டே இருக்கிறது, வாங்க ஆளில்லை. பெரிய பேட்டரிகள் அமைப்பதும், மிகுதி மின்சாரத்தால் நீரைக் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து மேல் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி வைப்பதும் அங்கே இப்போது திட்டங்களாகப் பேசப்படுகின்றன. பகலில் மேலேறும் அந்த நீரை மாலை ஏழு மணிக்குச் சுழலி வழியே இறக்கிவிடலாம். இஸ்திரிப் பெட்டிகள் சூடாகும் அதே நேரத்தில்.